கடலோரத்திலிருந்து மேட்டுக்கு: ஓரிகனில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இடம் மாறிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பசிபிக் கரையில், சீசைடு என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே அலைக்குப் பக்கத்திலேயே இருந்த அரசு உயர்நிலைப் பள்ளியை 2020இல் ஊருக்குக் கிழக்கே உள்ள மேட்டுக்கு மாற்றினார்கள். சுனாமி அடித்து இடிந்து போனதால் இல்லை, வரும் என்று தெரிந்ததால். பேரிடர் வந்த பிறகு கட்டடத்தை மாற்றுவதை நிறைய பார்த்திருக்கிறோம். வருவதற்கு முன்னால், அதுவும் உள்ளூர்க்காரர்கள் தங்கள் வரியைக் கூட்டிக்கொண்டு மாற்றுவது அபூர்வம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். இதே ஊர் 2013இல் இதே கேள்விக்கு வேண்டாம் என்று வாக்களித்தது, 2016இல் சரி என்றது. இந்த மூன்று வருடத்தில் கடலும் மாறவில்லை, நிலவியலும் பெரிதாக மாறவில்லை. அப்படியானால் எது மாறியது? கீழே இருப்பது அதைத் தேடும் முயற்சி.

பள்ளியும் ஊரும்

சீசைடில் 2020 கணக்கெடுப்பின்படி ஏழாயிரம் சொச்சம் பேர். கோடையில் அதைப்போலப் பல மடங்கு கூட்டம் வந்து நிற்கும் சுற்றுலா ஊர். 1806இல், கண்டத்தைக் கடந்து பசிபிக் கரை வரை ஆராய வந்த லூயிஸ், கிளார்க் பயணக் குழுவினர் திரும்பிப் போகும் வழிக்குத் தேவையான உப்பைக் கடல்நீரைக் காய்ச்சி எடுத்தது இந்தக் கரையில்தான். பக்கத்தில் கியர்ஹார்ட், கேனன் பீச் என்று இரண்டு சிறிய ஊர்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கல்வி மாவட்டம், மாணவர் எண்ணிக்கை மொத்தமாகச் சுமார் 1,500.

நம்மூரில் உயர்நிலை என்றால் பத்தாம் வகுப்பு வரை. அங்கே 9 முதல் 12 வரை. சீசைடு உயர்நிலைப் பள்ளியின் பழைய கட்டடம் 1950களின் கடைசியில் எழுந்தது, நெக்கானிகம் ஆறு கடலில் சேரும் கழிமுகத்தை ஒட்டி. பள்ளியின் சின்னமே கடற்காகம். கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்யவேண்டும் என்று 'பசிஃபிகா' என்ற பெயரில் ஒரு திட்டம் அங்கே நடக்கிறது. அதாவது பள்ளிக்கும் ஊருக்கும் நடுவே பெரிய மதில் கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நமக்கு 'அரசுப் பள்ளி' என்றால் சென்னையிலிருந்தோ மாவட்டத் தலைநகரிலிருந்தோ நிதி ஒதுக்கி, பொதுப்பணித் துறை வந்து கட்டும். அங்கே அப்படி இல்லை. புதுக் கட்டடம் வேண்டுமென்றால் கல்வி மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதற்கு உள்ளூர் வாக்காளர்கள் தேர்தலில் ஒப்புதல் தர வேண்டும், அந்தக் கடனை அவர்களே சொத்து வரியில் வருடா வருடம் அடைக்க வேண்டும். பள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது வீட்டு வரி கட்டுகிறவரின் வாக்குச் சீட்டு.

என்ன ஆபத்து, எப்போது தெரிந்தது

1950களில் அந்தப் பள்ளியைக் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது ஓரிகன் கரை நிலநடுக்கம் அதிகம் இல்லாத இடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் 9.2 அளவில் நிலநடுக்கம். அலை தெற்கே வந்து சீசைடைத் தொட்டபோது இரவு பதினொரு மணியைத் தாண்டிவிட்டது. ஆற்றின் வழியாக ஏறி, பாலத்தையும் வீடுகளையும் சேதப்படுத்தியது. ஓரிகனில் வேறொரு கடற்கரையில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஆனால் அது தொலைவில் பிறந்த அலை. வந்து சேர மணிக்கணக்கில் ஆனது. ஊர்க்காரர்கள் மனதில் சுனாமி என்றால் அந்த அளவு என்று பதிந்துபோனது, பின்னால் சிக்கலாக ஆனதும் அதுதான்.

உண்மையான ஆபத்து கரைக்குப் பக்கத்திலேயே கடலடியில் கிடந்தது. வட கலிபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் காஸ்கேடியா பகுதி. 1980களில்தான் ஆய்வாளர்கள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்: கழிமுகச் சதுப்புகளில் மண்ணுக்கு நடுவே திடீரென்று ஒரு மணல் படலம், உப்புநீரில் நின்றபடியே செத்துப்போன தேவதாரு மரங்கள். மர வளையங்களை எண்ணியதில், அந்த மரங்கள் 1699இன் இறுதிக்கும் 1700இன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் செத்தவை என்று தெரிந்தது. அதே நேரத்தில் ஜப்பானில், நிலம் ஆடாமலே வந்த ஒரு சுனாமியைப் பற்றிப் பழைய ஏடுகளில் குறிப்பு இருந்தது. இரண்டையும் பொருத்தியதும் நாளும் நேரமும்கூடக் கிடைத்துவிட்டது: 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி, அளவு ஏறக்குறைய 9. (எழுத்துப் பதிவே இல்லாத ஒரு கரையில் நடந்த நிலநடுக்கத்துக்கு மணி வரை கணக்கு சொல்ல முடிவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.)

இந்த வகை நிலநடுக்கம் வந்தால் தரை மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை ஆடும். முதல் அலை சுமார் 15 முதல் 20 நிமிடத்தில் கரையைத் தொட்டுவிடும். எச்சரிக்கைச் சங்குக்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை, ஆட்டம்தான் எச்சரிக்கை.

மாநில அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. சுனாமி நீர் ஏறக்கூடிய எல்லைக்குள் புதிதாகப் பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றைக் கட்டுவதைக் கட்டுப்படுத்தி 1995இல் சட்டம் போட்டார்கள். கரையோரப் பள்ளிகள் வெளியேறும் ஒத்திகை செய்தாக வேண்டும் என்பதும் அந்த வருடம் வந்ததுதான். ஆனால் ஏற்கெனவே எல்லைக்குள் நின்ற பள்ளிகளை என்ன செய்வது என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. 2007இல் மாநில நிலவியல் துறை பள்ளிக் கட்டடங்களைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்தது. நிலநடுக்கத்தில் இடிந்து விழும் அபாயம் அதிகம் என்று அது குறித்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள்.

களத்தில் கண்டது

கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் நிலவியலை உன்னிப்பாகக் கவனித்து வந்தவர். அவர் கண்ட நிலைமை இது: நான்கு பள்ளிகளில் மேட்டில் இருந்த தொடக்கப் பள்ளி ஒன்று மட்டும் நீர் எல்லைக்கு வெளியே. மற்ற மூன்றும், அதாவது உயர்நிலைப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, கியர்ஹார்ட் தொடக்கப் பள்ளி, கடல் மட்டத்திலிருந்து 5 முதல் 15 அடி உயரத்தில். பெரிய நிலநடுக்கத்தில் எதிர்பார்க்கப்பட்ட நீர் அந்தக் கட்டடங்களுக்கு மேல் 45 அடி வரை நிற்கக்கூடும். கேனன் பீச்சில் ஓடை வாயிலேயே இருந்த இன்னொரு தொடக்கப் பள்ளியை 2013இல் மூடிவிட்டார்கள், அதற்குச் சுனாமி பயத்தோடு பணப் பற்றாக்குறையும் காரணம்.

மூன்று பள்ளிகளும் 1940களின் கடைசியிலும் 1950களிலும் எழுந்தவை. ஆக, கேள்வி இரண்டு. முதலில் கட்டடம் ஆட்டத்தைத் தாங்கி, பிள்ளைகள் காயமின்றி வெளியே வர வேண்டும். அப்புறம் அவர்கள் ஓட வேண்டும். சீசைடின் அமைப்பு அதற்கு ஒத்துழைக்காது. கடற்கரைக்கு இணையாக நெக்கானிகம் ஆறும் நீவானா ஓடையும் ஓடுகின்றன, மேடு இருப்பதோ அவற்றுக்குக் கிழக்கே. நடுவில் உள்ள பழைய பாலங்கள் ஆட்டத்தில் நிற்குமா என்பதே சந்தேகம்.

கியர்ஹார்ட் இன்னும் மோசம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சாலையே இல்லாத அகலமான சதுப்பு. பிள்ளைகள் ஏறி நிற்கக் கிடைத்தது பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒரு மணல் திட்டு, அதன் உச்சி 45 அடி. காஸ்கேடியாவின் முழு நீளத்துக்கும் பிளவு ஏற்பட்டால் அலை அதையும் தாண்டும். 2010களின் தொடக்கத்தில் மாநிலம் வெளியிட்ட புது வரைபடங்கள் அலையைச் சின்னது முதல் மிகப் பெரியது வரை ஐந்து அளவுகளில் வரைந்து காட்டியபோது, பழைய வரைபடத்தை நம்பி ஓரளவு நிம்மதியாக இருந்த பல இடங்களின் நிலை மாறியது. அந்தத் திட்டுக்குப் போகும் வழியில் இருந்த பலகையில் 'தற்காலிகச் சுனாமி கூடுமிடம்' என்று எழுதியிருந்தது. தற்காலிகம் என்றால் அதற்கப்புறம் எங்கே என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

ஒத்திகைகள் ஒழுங்காக நடந்தன. அதில் குறை இல்லை. ஆனால் ஒத்திகை என்பது போக ஓர் இடம் இருந்தால்தான் உதவும். இந்த ஊரில் தீர்வு இடத்தில்தான் இருக்கிறது, பயிற்சியில் இல்லை என்று கண்காணிப்பாளர் முடிவுக்கு வந்தது சரியான கணிப்பு என்றே நினைக்கிறேன்.

2009 முதல் 2013: முதல் முயற்சி

2009இல் நீர் எல்லைக்கு வெளியே விலைக்கு ஒரு நிலம் இருப்பதைக் கண்காணிப்பாளர் கண்டுபிடித்தார். சிறு வகுப்புகளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் புதிதாகக் கட்டுவது திட்டம். செலவு 12.88 கோடி டாலர். 2013 நவம்பரில் கடன் பத்திரத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.

இடையில் 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்து போயிருந்தன. ஜப்பானின் இஷினோமாக்கியில் ஓகாவா தொடக்கப் பள்ளியில் ஆட்டம் முடிந்த பிறகு பிள்ளைகளைச் சுமார் 50 நிமிடம் விளையாட்டு மைதானத்திலேயே வைத்திருந்ததில் 108 மாணவர்களில் 74 பேரும், ஆசிரியர்கள், ஊழியர்களில் 10 பேரும் அலையில் இறந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. காமாயிஷி நகரத்திலோ பள்ளியில் இருந்த பிள்ளைகள் யாரும் சொல்லக் காத்திருக்காமல் மேட்டை நோக்கி ஓடி, கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்தார்கள். இந்த இரண்டு செய்தியும் ஓரிகன் கரை முழுக்கத் தெரிந்த செய்தி. அந்த அலையின் மிச்சம் ஓரிகன் வரைக்கும் வந்து தென்கோடியில் புரூக்கிங்ஸ் துறைமுகத்தைச் சிதைத்திருந்தது வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் வாக்கெடுப்பு தோற்றது, 62 சதவீதம் பேர் எதிர்த்து.

ஏன் தோற்றது

முதல் காரணம் பணம், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் டாலர் சொத்து மதிப்புக்கு வருடம் 2.16 டாலர் கூடுதல் வரி. கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். மூன்று லட்சம் டாலர் என்று மதிப்பிட்ட வீட்டுக்கு வருடம் 648 டாலர், அதுவும் பல வருடங்களுக்கு. சுற்றுலாவை நம்பிக் குறைந்த கூலியில் வாழ்கிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் இருக்கிற ஊரில் அது லேசான கோரிக்கை இல்லை.

இங்கே வேறொரு கோணலும் உண்டு. இந்தக் கரையில் நிறைய வீடுகள் போர்ட்லாண்ட் போன்ற பெருநகரத்துக்காரர்களின் விடுமுறை வீடுகள். அவர்கள் வரி கட்டுவார்கள், ஆனால் வாக்கு அவர்களுக்கு இல்லை. கணக்குப்படி பார்த்தால் உள்ளூர்க்காரர்களுக்கு இது லாபம், வெளியூர்க்காரர் பணத்தில் பாதிப் பள்ளி எழும். அந்த வாதம் வாக்காளரிடம் எடுபட்டதாகத் தெரியவில்லை. மனிதர்கள் தங்களுக்கு வரும் ரசீதைத்தான் பார்க்கிறார்கள்.

எதிர்த்தவர்களை அறிவியல் புரியாதவர்கள் என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பாது. அவர்கள் பக்கம் ஒரு நேர்மையான கேள்வி இருந்தது. பள்ளி வருடத்துக்கு ஏறக்குறைய 170 நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தால் 1,190 மணி. வருடத்தில் இருப்பது 8,760 மணி. நிலநடுக்கம் பள்ளி நேரத்தில் வரும் வாய்ப்பு சுமார் ஏழில் ஒன்று. மீதி ஆறு பங்கு நேரம் பிள்ளைகள் வீட்டிலோ கடற்கரையிலோ இருப்பார்கள், அதுவும் நீர் எல்லைக்குள்தான். 1700இல் இரவு, 1964இல் இரவு, நம் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. 2011இல் மட்டும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46, பள்ளி நேரம். அப்படியிருக்க இத்தனை கோடியைப் பள்ளியில் கொட்டுவானேன், பாலத்தை வலுவாக்கினால் எல்லோருக்கும் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டால் அது முட்டாள்தனமான கேள்வி இல்லை.

அதற்குப் பதிலும் உண்டு. வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோர் இருப்பார். பள்ளியில் நூற்றுக்கணக்கானவர்களைச் சட்டம் போட்டு ஒரே பழைய கூரையின் கீழ் கூட்டி வைக்கிறோம், அவர்களைச் சில ஆசிரியர்கள்தான் நகர்த்த வேண்டும். ஒரு ஊரின் ஒரு தலைமுறை முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் அது. மேட்டில் உறுதியாகக் கட்டிய பள்ளி, பேரிடருக்குப் பிறகு மொத்த ஊருக்கும் தங்குமிடமும் ஆகும். இந்தக் கடைசி வாதம் ஊர்க்காரர் மனதில் பதியாமலே முதல் வாக்கெடுப்பு முடிந்துபோனது என்பது என் எண்ணம்.

இடைக்காலம்

தோற்ற பிறகு கண்காணிப்பாளர் மேலே போய்க் கேட்டார். ஓரிகனின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் உதவி கேட்டு வெறும் கையோடு திரும்பினார். மாநிலத்தில் பள்ளிகளை நிலநடுக்கத்துக்கு எதிராக வலுப்படுத்த மானியம் இருந்தது, ஆனால் அப்போது நீர் எல்லைக்குள் உள்ள கட்டடங்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. யோசித்தால் விதியில் நியாயம் இருக்கிறது, மூழ்கப் போகும் கட்டடத்தில் ஏன் பணம் போட வேண்டும்? ஆனால் விளைவைப் பாருங்கள். ஆபத்து அதிகமுள்ள பள்ளிக்கு ஒரு காசும் கிடையாது, ஆபத்து குறைந்த பள்ளிக்கு மானியம். வலுப்படுத்த வேண்டாம் என்றால் இடம் மாற்றவாவது ஒரு நிதி வைத்திருக்க வேண்டும். அது இல்லை.

2015 கோடையில் காஸ்கேடியா பற்றி ஒரு தேசியப் பத்திரிகையில் வந்த நீண்ட கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. சீசைடு பள்ளிகளின் நிலைமையும் அதில் வந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரியாத புது விஷயம் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் வெளியில் இருப்பவர்கள் எல்லாம் 'உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கேயா படிக்கிறார்கள்?' என்று கேட்க ஆரம்பித்தால் கதை வேறு.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. 'இந்த அலையைப் பிடிக்காதே' என்று பெயர் வைத்து, ஆபத்தில் உள்ள கரையோரப் பள்ளிகளுக்காகப் பிரசாரம் செய்தார்கள். அலைச்சறுக்குக்குப் பேர்போன ஊரில் அந்தப் பெயரின் கிண்டல் எல்லோருக்கும் புரியும். வரி கூட்டச் சொல்லி ஓர் அதிகாரி பேசுவதும், அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளை பேசுவதும் ஒன்றாகாது.

2016: இரண்டாம் முயற்சி

இந்த முறை வரிசை மாறியது. முதலில் நிலம். வேயர்ஹவுசர் என்ற பெரிய மரத் தொழில் நிறுவனம், மேட்டில் இருந்த தொடக்கப் பள்ளிக்கு அடுத்தாற்போல் தனக்கிருந்த காட்டு நிலத்திலிருந்து 80 ஏக்கரை இலவசமாகக் கொடுத்தது. இந்த ஒரு கொடை பல கணக்குகளை மாற்றிவிட்டது. நிலத்துக்குப் பணம் வேண்டாம். பக்கத்திலேயே ஒரு பள்ளி இயங்கிக்கொண்டிருந்ததால், அதற்குப் போகும் சாலையையும் குழாயையும் தொடர்ந்தால் போதும். தொடக்கப் பள்ளியைப் புதிதாகக் கட்டவும் தேவையில்லை, இருப்பதை விரிவாக்கினால் கியர்ஹார்ட் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிடும். புதிதாகக் கட்ட வேண்டியது 6 முதல் 12 வகுப்பு வரைக்குமான ஒரு வளாகம் மட்டுமே.

கேட்ட தொகை 9.97 கோடி டாலர். இன்னும் பெரிய தொகைதான், ஆனால் முதல் முறையைவிட மூன்று கோடி டாலருக்குப் பக்கத்தில் குறைவு. எண்ணில் பத்துக் கோடியைத் தொடாமல் நிறுத்தியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த மாற்றம் யார் கேட்டது என்பதில். கண்காணிப்பாளர் 2016 நடுவில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகு, உள்ளூர் ஆதரவாளர்களோடு சேர்ந்து பிரசாரத்தில் முழுமூச்சாக இறங்கினார். பதவியில் இருக்கும் அதிகாரி பொதுப் பணத்தில், வேலை நேரத்தில் வாக்குக் கேட்க முடியாது, விவரம் மட்டுமே சொல்லலாம். பதவி போனதும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. மேலும், இனி இந்தக் கட்டடத்தால் இவருக்கு என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்க முடியாத நிலையும் வந்தது.

2016 நவம்பரில் கடன் பத்திரம் தெளிவான பெரும்பான்மையோடு நிறைவேறியது.

மாற்று வழி ஏன் இல்லை?

பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில் ஓகோஸ்டா என்ற கல்வி மாவட்டம் வேறு வழியில் போயிருந்தது. 2013இல் அங்கே கடன் பத்திரம் நிறைவேறி, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் கூரையையே சுமார் ஆயிரம் பேர் ஏறி நிற்கும் புகலிடமாகக் கட்டி 2016இல் திறந்தார்கள். வட அமெரிக்காவில் அந்த வகையில் முதல் கட்டடம் அதுதான். ஓரிகனிலும் நியூபோர்ட் கடலியல் வளாகத்தில், நீர் எல்லைக்குள்ளேயே, கூரையில் ஏறித் தப்பும்படி ஒரு பல்கலைக்கழகக் கட்டடம் பின்னர் எழுந்தது.

சீசைடு அதைச் செய்யாததற்கு நியாயம் தெரிகிறது. ஓகோஸ்டாவில் சுற்றுவட்டாரம் தட்டையானது, பிள்ளைகள் ஓடிச் சேரும் தூரத்தில் மேடு இல்லை. இங்கே ஊரின் முதுகிலேயே மேடு. மூன்று தனித்தனி இடங்களில் மூன்று கூரைப் புகலிடம் கட்டுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே மேட்டில் சேர்ப்பது எளிது. கூரையில் பிழைத்தவர்கள் நீர் வடியும் வரை அங்கேயே மாட்டிக்கொள்வார்கள் என்பதும் இருக்கிறது.

கட்டியதும் திறந்ததும்

வாக்கு கிடைத்ததும் உடனே மண்வெட்டி எடுத்துவிட முடியவில்லை. 1973 முதல் ஓரிகனில் நகர விரிவாக்கத்துக்குக் கடுமையான எல்லைக் கோடு உண்டு, காட்டு நிலத்தை நினைத்தபடி ஊராக்க முடியாது. பள்ளிக்காக அந்தக் கோட்டை நகர்த்த நகரமும் மாவட்ட நிர்வாகமும் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. விசாரணை, கூட்டம், கோப்பு என்று அதில் காலம் போனது. 2018இல்தான் வேலை தொடங்கியது.

2020 இலையுதிர் காலத்தில் வளாகம் தயார். பெருந்தொற்று காலம். இவ்வளவு பாடுபட்டு மேட்டில் கட்டிய வகுப்பறைகள் காலியாக நிற்க, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கடலோரத்து வீடுகளில் உட்கார்ந்து இணையத்தில் பாடம் கேட்டார்கள். பேரிடர் திட்டமிடுபவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் வகைத் தற்செயல் இது. பிறகு படிப்படியாகப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். விரிவாக்கிய தொடக்கப் பள்ளிக்குப் புதுப் பெயரும் வந்தது. கீழே இருந்த பழைய கட்டடங்களை விற்றார்கள், நடுநிலைப் பள்ளியைப் பூங்கா, பொழுதுபோக்கு வசதிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு வாங்கிக்கொண்டது. அதாவது கட்டடம் போகவில்லை, அதில் வேறு ஆட்கள் வந்து போகிறார்கள்.

இதற்கு நடுவே, 2019இல், மாநிலச் சட்டமன்றம் 1995 சட்டத்தின் தடையை நீக்கிவிட்டது. நீர் எல்லைக்குள் புதுப் பள்ளி, தீயணைப்பு நிலையம் கட்ட மறுபடியும் அனுமதி. கரையோர ஊர்களின் பிரதிநிதிகள் சொன்ன காரணம், இந்தத் தடையால் வளர்ச்சியே நின்றுபோகிறது, எல்லா ஊருக்கும் பின்னால் மேடு இருக்கிறதா என்பது. ஒரு ஊர் சொந்தக் காசில் பள்ளியை மேலே நகர்த்திக்கொண்டிருந்த அதே நேரத்தில் மாநிலம் கீழே கட்டலாம் என்றது. காரணம் புரிகிறது, எனக்கு உடன்பாடில்லை.

எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

முதல் வாக்கெடுப்பையே தள்ளிப்போட்டு, நிலத்தை முதலில் கைக்குள் கொண்டு வந்திருக்கலாம். விலைக்கு நிலம் என்று தொடங்கியதால் தொகை ஊதிப்போனது, தோல்விக்குப் பிறகு மூன்று வருடம் பிள்ளைகள் அதே இடத்தில் இருந்தார்கள். நிலக் கொடையாளரைத் தேடும் வேலை 2009இலேயே நடந்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதற்குச் செலவு எதுவும் ஆகியிருக்காது.

கியர்ஹார்ட் பிள்ளைகளை மட்டும் தனியாக, முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டும் என்பது என் வலுவான கருத்து. மேட்டுத் தொடக்கப் பள்ளியை விரிவாக்குவது மொத்தத் திட்டத்தில் சின்னப் பகுதி. தப்ப வழியே இல்லாத பள்ளியையும், கஷ்டப்பட்டாலும் ஓட ஒரு வழி உள்ள பள்ளிகளையும் ஒரே கடன் பத்திரத்தில் கட்டியதால், பெரியது தோற்றபோது அவசரமானதும் சேர்ந்து தோற்றது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் மலிவு என்பார்கள் கணக்குத் தெரிந்தவர்கள். தோற்றுப்போனால் அந்த மலிவுக்குப் பொருள் இல்லை.

மாநில அளவில், வலுப்படுத்தும் மானியத்திலிருந்து விலக்கப்பட்ட பள்ளிகளுக்கு இடமாற்ற மானியம் என்று தனியாக ஒன்று வேண்டும். சீசைடுக்கு விடுமுறை வீடுகளின் வரியும் ஒரு மர நிறுவனத்தின் நிலமும் கிடைத்தன. அவை இரண்டும் இல்லாத மீன்பிடி ஊர்கள் இதே கரையில் உண்டு, அவற்றின் பிள்ளைகளுக்கு வழி இன்னும் ஒத்திகை மட்டும்தான்.

கடைசியாக, அந்த ஏழில் ஆறு பங்கு நேரம். பள்ளி மேலே போய்விட்டது, ஊர் கீழேதான் இருக்கிறது. நெக்கானிகம் மீதும் நீவானா மீதும் உள்ள பாலங்கள் ஆட்டத்தைத் தாங்கும்படி மாற்றப்பட்டால்தான் மற்ற நேரங்களில் அதே பிள்ளைகளும், அவர்களுடைய தாத்தா பாட்டிகளும், கோடையில் வந்து நிற்கும் வெளியூர்க்காரர்களும் அந்த வளாகம் வரை நடந்து போக முடியும். அடுத்த கடன் பத்திரம் கேட்பதாக இருந்தால் அதற்குத்தான் கேட்க வேண்டும்.